சிவப்புக் கொடியும் பூத்துறைப் படகும்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடு எழுதியது, அங்கங்கே காரம் தூக்கலாக இருக்கும். நேரமில்லாதவர்கள் தாவித் தாவிப் படியுங்கள், ஆனால் பூத்துறை வரும் இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

விஷயம் கொடி. தேசியக் கொடி என்றதும் எழுந்து நிற்க வேண்டாம், உட்கார்ந்தே படிக்கலாம் :-)

இந்திய வணிகக் கப்பலின் பின்பக்கம் பறப்பது நாம் பள்ளிக்கூடத்தில் ஏற்றிய மூவர்ணக் கொடி இல்லை. செக்கச் சிவந்த துணி. அதன் மேல் மூலையில், கம்பத்தை ஒட்டி, ஒரு சின்னச் சதுரமாக நம் மூவர்ணம். அதுதான் சட்டப்படி வணிகக் கப்பலின் தேச அடையாளம். இதைச் சொன்னால் எங்கள் ஆபீஸில் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஒருத்தர் "கம்யூனிஸ்ட் கப்பலா?" என்று கேட்டார். போட்டோ காட்டிய பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கடற்படைக் கொடியில் வெள்ளைக்காரன் சின்னத்தை எடுத்தார்களே, இதை ஏன் விட்டு வைத்திருக்கிறார்கள், இதுவும் அடிமைச் சின்னம்தானே என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆனால் கோபப்பட வேண்டிய இடம் அது இல்லை என்பது என் கட்சி.

முதலில் கடற்படைக் கதை. 2022 செப்டம்பர் 2-ம் தேதி கொச்சியில் ஐ.என்.எஸ். விக்ராந்த் கடற்படையில் சேர்ந்த அன்று கடற்படைக்குப் புதுக் கொடி வந்தது. பழைய கொடியில் வெள்ளைத் துணியின் குறுக்கே ஒரு சிவப்புச் சிலுவை உண்டு, இங்கிலாந்தின் புனித ஜார்ஜ் சிலுவை. அது போய், எண்கோண வடிவத்துக்குள் நங்கூரமும் அசோகச் சின்னமும் வந்தன. எண்கோணம் சத்ரபதி சிவாஜியின் முத்திரையிலிருந்து எடுத்தது. நான் இருப்பது கட்கி. அன்றைக்குப் புனே முழுக்க எப்படிக் கொண்டாடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. சிந்துதுர்க் கட்டியவர் சிவாஜி, கான்ஹோஜி ஆங்க்ரே வெள்ளைக்காரக் கப்பல்களைத் தூங்கவிடாமல் செய்தவர். கடற்படைக்கு அவர்கள் முத்திரை பொருத்தம்தான்.

ஆனால் அந்தச் சிலுவை அதற்கு முன்பே ஒரு தடவை போய்த் திரும்பி வந்தது என்பதை யாரும் சொல்லவில்லை. 1950 ஜனவரி 26-ல் யூனியன் ஜாக் இருந்த மூலையில் மூவர்ணத்தை வைத்தார்கள், சிலுவையை அப்படியே விட்டார்கள். 2001 ஆகஸ்ட் 15-ல் சிலுவையை எடுத்துவிட்டு நீல நிறத்தில் கடற்படைச் சின்னத்தைப் போட்டார்கள். கடலும் நீலம், வானமும் நீலம், தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை என்று புகார். 2004-ல் சிலுவை திரும்பி வந்தது, நடுவில் அசோகச் சின்னத்தோடு. 2014-ல் அதன் அடியில் தேவநாகரியில் சத்யமேவ ஜயதே. அப்புறம்தான் 2022. இருபத்தோரு வருஷத்தில் நாலு மாற்றம். ஒவ்வொன்றுக்கும் கமிட்டி, டிசைன், விழா, பேச்சு.

அதே இருபத்தோரு வருஷத்தில் வணிகக் கப்பலின் சிவப்புக் கொடியை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எடு என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கட்டும் என்று சொல்லவும் ஆளில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. என் கோபம் இங்கேதான் தொடங்குகிறது.

நிற்க. அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பழைய காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையே சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று அணிகளாகப் பிரிந்து மூன்று கொடி வைத்திருந்தது. சண்டையில் யார் எந்த அணி என்று குழப்பம். 1864-ல் பங்கு பிரித்தார்கள். வெள்ளை கடற்படைக்கு, நீலம் அரசாங்கக் கப்பல்களுக்கு, சிவப்பு வணிகக் கப்பல்களுக்கு. இந்தப் பாகப்பிரிவினையை நாம் அப்படியே எடுத்துக்கொண்டோம். இன்றும் கடற்படைக் கொடியின் துணி வெள்ளை, 1970-களின் கடைசியில் பிறந்த கடலோரக் காவல் படையின் கொடி நீலம், வணிகக் கப்பலுக்குச் சிவப்பு. ஆக அடிமைச் சின்னம் என்று பார்த்தால் சிலுவை மட்டும் இல்லை, மூன்று நிறப் பிரிவினையே அங்கிருந்து வந்ததுதான். சிலுவையை எடுத்துவிட்டு வெள்ளைத் துணியை வைத்துக்கொண்டால் அடிமைத்தனம் எத்தனை சதவீதம் குறைந்தது என்று கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை. 

இந்த ஊர்க்காரர்களுக்குக் கொடி மாறுவதன் அர்த்தம் நன்றாகவே தெரியும். கட்கிப் போர் நடந்தது 1817 நவம்பர் 5. பன்னிரண்டே நாளில், நவம்பர் 17, சனிவார் வாடாவின் மேல் யூனியன் ஜாக் ஏறியது. ஏற்றியவர் வெள்ளைக்காரர் இல்லை, பாலாஜி பந்த் நாத்து. இன்னும் இங்கே அந்தப் பெயரைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். கம்பத்தில் என்ன பறக்கிறது என்பதைவிட யார் கையில் வரி, யார் கையில் கச்சேரி என்பதுதான் விஷயம் என்று அன்றைக்கே புனேக்காரர்களுக்குப் புரிந்திருக்கும். 

நம் பக்கம் வ.உ.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1906-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. தூத்துக்குடி கொழும்பு தடத்தில் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல். அப்போது நடைமுறையில் இருந்த 1894-ம் வருட பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டப்படி, பிரிட்டிஷ் பிரஜைக்குச் சொந்தமான கப்பலுக்கு உரிய கொடி சிவப்புக் கொடி. வ.உ.சி.யும் பங்குதாரர்களும் சட்டத்தின் கண்ணில் பிரிட்டிஷ் பிரஜைகள்தான். சுதேசிக் கப்பலுக்கும் சட்டம் எழுதி வைத்தது வெள்ளைக்காரன் கொடியை. அதனால் அவர் செய்தது சுதேசி இல்லை என்று ஆகிவிடுமா? போட்டி டிக்கெட் விலையில் நடந்தது, சரக்கில் நடந்தது, பங்குப் பத்திரத்தில் நடந்தது. எதிராளி கம்பெனி இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்று நாம் படித்திருக்கிறோமே. 1908 மார்ச்சில் அவரைப் பிடித்து உள்ளே போட்டது கொடிக்காக இல்லை. 1919 ஏப்ரல் 5-ல் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய சிந்தியா கம்பெனியின் லாயல்டி கப்பலுக்கும் இதே சட்டம்தான். அந்த நாளைத்தான் நாம் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. கட்கியில் மூளா ஆற்றுப் பக்கம் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் 1,600-க்கும் மேல். புல் ஒழுங்காக வெட்டி, கல் வரிசையாக நட்டு, அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள். நிலத்தில் செத்தவனுக்கு ஒரு கல்லாவது கிடைத்தது. அதே போரில் பிரிட்டிஷ் சிவப்புக் கொடியின் கீழ் கப்பலில் கரி அள்ளி, சமையல் செய்து, டார்ப்பிடோ அடித்துக் கடலில் போன இந்திய மாலுமிகள் 6,000 பேருக்கும் மேல். லஸ்கர் என்று சொல்வார்கள். அவர்களுக்குக் கல்லறை கிடையாது. மும்பையில் மஸ்ஜித் பந்தர் பக்கத்து மாலுமிகள் இல்லத்தில் பெயர்ப் புத்தகம் ஒன்று உண்டு. சிட்டகாங்கில் ஒன்று. சிவப்புக் கொடி வெள்ளைக்காரனுடையது மட்டும்தான் என்று சொல்லும்போது இவர்கள் ஞாபகம் எனக்கு வரும். நம் ஆட்களின் ரத்தமும் அந்தத் துணியில் இருக்கிறது.

இனி, அந்தக் கொடி ஏன் தனியாக இருக்கிறது, மூவர்ணத்தையே ஏற்றினால் என்ன? கேட்கத் தோன்றும். கடலில் ஒரு பழைய மரியாதை உண்டு. வணிகக் கப்பல் ஒரு போர்க் கப்பலைக் கடக்கும்போது பின்னால் பறக்கும் கொடியை மெதுவாகத் தாழ்த்தி ஏற்றும். போர்க் கப்பலும் பதிலுக்குத் தாழ்த்தி ஏற்றும். ரோட்டில் லாரிக்காரர்கள் லைட் அடித்துக்கொள்கிற மாதிரி. நம் மூவர்ணக் கொடியை யாருக்கும் எதற்கும் தாழ்த்தக் கூடாது. கொடிச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது, 1971-ம் வருட தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்திலும் அவமதிப்பு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அப்படியானால் கடலில் மரியாதை செய்ய வேறு கொடி வேண்டாமா? பின்னால் வைக்கிற கொடி வேறு, முன்னால் வைக்கிற கொடி வேறு என்பதும் உண்டு. நம் போர்க் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது முன்பக்கம் மூவர்ணம் பறக்கும், பின்பக்கம் கடற்படைக் கொடி. எனவே தனிக் கொடி இருப்பது தப்பே இல்லை. சிவப்பு வேண்டாம், காவியோ பச்சையோ எண்கோணமோ வைத்துக்கொள்ளலாம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை கிடையாது. என் சண்டை டிசைன் பற்றி இல்லை.

அந்தக் கொடியை ஏற்ற யாருக்கு உரிமை, அந்த உரிமை யாரைக் காப்பாற்றுகிறது என்பது பற்றித்தான்.

1958-ம் வருட வணிகக் கப்பல் சட்டத்தைப் பாருங்கள். வெளிநாட்டுத் துறைமுகத்துக்குள் நுழையும்போதும் கிளம்பும்போதும் இந்தியக் கப்பல் கொடி ஏற்ற வேண்டும். 50 டன்னோ அதற்கு மேலோ இருந்தால் இந்தியத் துறைமுகத்திலும் ஏற்ற வேண்டும். நம் கடற்படைக் கப்பல் சமிக்ஞை காட்டினால் ஏற்ற வேண்டும். இந்தியக் கப்பல் இல்லாத ஒன்று இந்தியக் கப்பல் மாதிரி நடித்தால் கப்பலையே பறிமுதல் செய்யலாம். ஏன் இவ்வளவு கடுமை? நடுக்கடலில் போலீஸ் ஸ்டேஷன் கிடையாது. எந்த நாட்டுக் கொடியோ அந்த நாட்டுச் சட்டம்தான் அந்தக் கப்பலில். சம்பளத் தகராறா, அடிதடியா, கொலையா, கேட்க வேண்டியது அந்த நாடு. கப்பல் என்பது மிதக்கிற ஒரு துண்டு தேசம் என்று சும்மா சொல்லவில்லை. 2025-ல் இந்தச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றியது. யார் கப்பலை இந்தியாவில் பதிவு செய்யலாம் என்பதை அதில் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். நல்லது.

ஏனென்றால் இந்தியக் கொடிக் கப்பல்களே குறைந்துகொண்டு வருகின்றன. 1980-களின் கடைசியில் நம் நாட்டு வெளிநாட்டுச் சரக்கில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்தியக் கப்பல்களில் போனது. அப்புறம் சரிந்து சரிந்து பத்து சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. 2021-ல் இந்தியக் கொடிக் கப்பல்களை ஊக்குவிக்க 1,624 கோடி மானியம் என்று மத்திய அமைச்சரவை முடிவு செய்ய வேண்டி வந்தது. மிச்சச் சரக்கெல்லாம் யார் கொடியில் போகிறது? பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள். லைபீரியாவின் கப்பல் பதிவு அலுவலகத்தை நடத்துவது அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கும் ஒரு கம்பெனி. மார்ஷல் தீவுகளின் பதிவும் வர்ஜீனியாவிலிருந்துதான். கடலே இல்லாத மங்கோலியாவுக்குக்கூடக் கப்பல் பதிவு உண்டு, நடப்பது சிங்கப்பூரில். கட்கிக் கன்டோன்மென்ட் போர்டு நினைத்தால் நாளைக்கே ஆரம்பிக்கலாம், மூளா ஆறாவது இருக்கிறது :-) 

சிரிப்பு இங்கே முடிகிறது. அந்தக் கப்பல்களில் வேலை பார்ப்பவர்களில் நம் ஆட்கள் ஏராளம். முதலாளிக்குப் பணம் தட்டுப்பட்டால் சம்பளம் நிற்கும், டீசல் நிற்கும், சாப்பாடு நிற்கும், ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கணக்குப்படி 2024-ல் 312 கப்பல்களில் 3,133 பேர் இப்படிக் கைவிடப்பட்டார்கள். நாடு வாரியாகப் பார்த்தால் முதலிடம் இந்தியாவுக்கு, 899 பேர். 2022-ல் ஹீரோயிக் இடுன் என்ற எண்ணெய்க் கப்பலை ஈக்குவடோரியல் கினி பிடித்து வைத்தது, அப்புறம் நைஜீரியாவுக்கு அனுப்பியது. 26 பேரில் 16 பேர் இந்தியர். கொடி மார்ஷல் தீவுகள். வெளியே வர 2023 மே ஆனது.

என் அத்தை மகன் ஒருத்தன் இப்படி ஒரு கப்பலில் ஏழு மாசம் சம்பளமில்லாமல் இருந்தான். ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. அத்தை எனக்குப் போன் பண்ணி, "நீதான் படிச்சவன், எந்தக் கவர்மென்ட்ட கேக்கணும்னு சொல்லுய்யா" என்று கேட்டாள். கொடி எந்த நாடு என்று அவனிடமே கேட்டேன். பெயர் சொன்னான். மேப்பில் தேடி எடுக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. அந்த நாட்டுக்குப் புனேயில் என்ன, இந்தியாவிலேயே ஒரு ஆபீஸ் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் ஒரு தொழிற்சங்கம்தான் பேசிப் பாதிச் சம்பளத்தோடு ஊர் கொண்டுவந்து சேர்த்தது.

கொடிக்காரன் தூரத்தில் இருந்தால் நஷ்டம் மாலுமிக்கு மட்டுமா? 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியது. லைபீரியக் கொடி. 640 கன்டெய்னர். பிளாஸ்டிக் குருணை திருவனந்தபுரம் தாண்டி நம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை வரைக்கும் வந்து ஒதுங்கியது. கேரள அரசு 9,531 கோடி கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பிடிக்க வேண்டியிருந்தது அதே கம்பெனிக் குழுமத்தின் இன்னொரு கப்பலை.

இப்போது பூத்துறை.

2012 பிப்ரவரி 15. கேரளக் கடற்கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைல். இத்தாலியக் கொடி ஏற்றிய என்ரிகா லெக்சி என்ற எண்ணெய்க் கப்பல். மேலே காவலுக்கு இத்தாலியக் கடற்படை வீரர்கள். அந்தப் பக்கம் வந்த செயின்ட் ஆன்டனி என்ற மீன்பிடிப் படகைக் கடற்கொள்ளையர் என்று நினைத்தோம் என்று சுட்டார்கள். படகில் பதினொரு பேர். இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் கொல்லம் ஜெலஸ்டின். இன்னொருவர் கன்னியாகுமரி மாவட்டம் பூத்துறையைச் சேர்ந்த அஜீஷ் பிங்க், சின்னப் பையன்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது எழுந்த கேள்விகளில் ஒன்று இந்தப் பதிவுக்கே காரணம். அந்தப் படகு தமிழ்நாட்டில் பதிவானது, 1958 வணிகக் கப்பல் சட்டத்தின் கீழ் பதிவானது இல்லை. சம்பவம் நடந்தபோது அதில் இந்தியக் கொடி பறக்கவில்லை. அப்படியானால் அதை எப்படி இந்தியக் கப்பல் என்று எடுத்துக்கொள்வது? யோசித்துப் பாருங்கள். படகுக்காரர் இந்தியர், செத்தவர்கள் இந்தியர், டீசல் போட்டது இந்தியாவில், மீன் விற்பது இந்தியாவில். ஆனாலும் எதிர்த் தரப்புக்கு இப்படி ஒரு வாதம் வைக்க இடம் இருந்தது. சுட்ட கப்பலுக்குக் கொடி, பதிவு, கடற்படை, தூதரகம் எல்லாம் உண்டு. சுடப்பட்ட படகுக்கு வெயிலில் வெளுத்த ஒரு நம்பர்.

2013 ஜனவரி 18-ல் உச்ச நீதிமன்றம் கேரளாவுக்கு அதிகாரம் இல்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் வைக்கட்டும் என்றது. 2015-ல் இத்தாலி சர்வதேச நடுவர் மன்றம் போனது. 2020 மே 21-ல் தீர்ப்பு. வீரர்கள் அரசு வேலையில் இருந்தவர்கள், அவர்களுக்கு விலக்கு உண்டு, இந்தியா விசாரிக்க முடியாது என்று மூன்றுக்கு இரண்டு. ஆனால் படகின் பயணத்தைத் தடுத்து இந்தியாவின் கடற்பயண உரிமையை இத்தாலி மீறியது, நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்றும் அதே மன்றம் சொன்னது. பத்து கோடி. இறந்தவர் குடும்பங்களுக்கு நாலு நாலு, படகு உரிமையாளருக்கு இரண்டு. 2021 ஜூன் 15-ல் உச்ச நீதிமன்றம் இங்கே வழக்கை முடித்து வைத்தது.

சர்வதேசக் கடல் சட்ட ஒப்பந்தத்தின் 91-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: எந்த நாட்டுக் கொடியை ஏற்ற ஒரு கப்பலுக்கு உரிமை இருக்கிறதோ அந்த நாட்டுக் கப்பல் அது. ஏற்றியிருந்ததா என்பதில்லை, உரிமை இருந்ததா என்பதுதான். அந்த உரிமையைக் கேள்வி கேட்க முடியாதபடி காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியது அரசாங்கம். கொடுத்திருந்தால் அந்த வாதம் முதல் நாளே செத்திருக்கும்.

"கொடி பறந்திருந்தால் மட்டும் சுடாமல் விட்டிருப்பார்களா?" என்று கேட்பீர்கள். சுட்டிருக்கலாம். துப்பாக்கிக்குக் கொடி தெரியாது. 2008 நவம்பரில் கராச்சியிலிருந்து வந்தவர்கள் போர்பந்தர் படகு குபேரைப் பிடித்து அதில்தானே மும்பைக்கு வந்தார்கள், நம்ம ஊர்ப் படகு என்று யாரும் கண்டுகொள்ளவில்லையே, கொடி இருந்தால் ஏமாற்றுவதும் சுலபம் என்றும் சொல்வார்கள். அதுவும் சரி. நான் சொல்வது சுட்ட பிறகு நடப்பதைப் பற்றி. பிடித்து வைத்த பிறகு, காணாமல் போன பிறகு நடப்பதைப் பற்றி.

"இவர்கள் ஏன் அவ்வளவு தூரம் போகிறார்கள், கரையோரமாகப் பிடிக்க வேண்டியதுதானே" என்பது இன்னொரு வாதம். ஏசி ரூமில் உட்கார்ந்து இதைச் சொல்வது ரொம்ப சுலபம். தூத்தூர், சின்னத்துறை, பூத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை ஆட்கள் சுறா பிடிக்க ஆழ்கடல் போகிறவர்கள், அதுதான் அவர்கள் பரம்பரைத் தொழில். லட்சத்தீவு, மாலத்தீவு தாண்டி, டியகோ கார்சியா பக்கம் பிடிபட்டு வழக்கு வாங்கியவர்களும் உண்டு. எல்லை தாண்டுவது தப்பு என்றால் தப்புதான், அபராதம் போடுங்கள். ஆனால் ஒருத்தன் பிடிபட்டால் அவன் யார், எந்தப் படகு, எந்த நாடு என்று ஒரு மணி நேரத்தில் தெரிய வேண்டாமா? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது எத்தனை படகு கடலில் இருக்கிறது, எத்தனை பேர் போனார்கள் என்றே ஒழுங்கான கணக்கு இல்லாமல் அரசாங்கம் ஒன்றும், பங்குச் சாமியார்கள் ஒன்றும், ஊர்க்காரர்கள் ஒன்றும் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? பங்குச் சாமியார்கள் நோட்டில் எழுதிய பட்டியலை வைத்துத்தான் ஊர் தன் ஆட்களைத் தேடியது. 

மாநிலத்தின் அதிகாரம் 12 கடல் மைலோடு முடிகிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் வந்தது, அது அந்த எல்லைக்குள். அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை மத்திய அரசு. அங்கே போகும் நம் படகுகளுக்கு என்று முறையான விதி வர 2025 நவம்பர் ஆகிவிட்டது. பெரிய படகுகளுக்கு ஆன்லைனில் அனுமதிச் சீட்டு என்கிறார்கள். செயின்ட் ஆன்டனி சுடப்பட்டுப் பதின்மூன்று வருஷம் கழித்து. கடற்படைக் கொடி மாற்றத்துக்கு இருபத்தோரு வருஷத்தில் நாலு தடவை நேரம் கிடைத்தது.

ராமேஸ்வரம் பக்கம் போனால் விசைப்படகில் மூவர்ணம் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். கேபினில் மூன்று வர்ணம் பெயின்ட் அடித்திருப்பதையும் பார்க்கலாம். சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பார்க்கிற அதிகாரி வணிகக் கப்பலுக்கு உரிய கொடி அது இல்லை என்பார். ஆனால் அவர்களுக்கு யார் எப்போது சிவப்புக் கொடியைக் காட்டினார்கள்? 2002 ஜனவரி 26-லிருந்து எல்லா இந்தியருக்கும் எல்லா நாளும் வீட்டில் கொடி ஏற்ற அனுமதி. 2021 டிசம்பரில் பாலியெஸ்டர் கொடிக்கு அனுமதி. 2022-ல் ராத்திரியும் பறக்கலாம் என்று அனுமதி. எங்கள் சொசைட்டியில் எட்டாவது மாடி பால்கனியில் ராத்திரி பத்து மணிக்கும் கொடி பறக்கிறது. பால்கனிக்குப் பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள் படகுக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் நான் ஆபீஸில் கேட்டது. அந்த நண்பர் அதற்குப் பதில் சொல்லாமல் எண்கோணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். 

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. 12 மைல் தாண்டிப் போகிற ஒவ்வொரு படகுக்கும் மாநிலப் பதிவோடு, வெளிநாட்டுக் கோர்ட்டில் காட்டினால் செல்லுபடியாகிற தேசியப் பதிவு. மீன்வளத் துறை ஒரு பக்கம், கப்பல் துறை ஒரு பக்கம் என்று அலைய விடாமல் ஒரே இடத்தில். தமிழில், மலையாளத்தில் படிக்க முடிகிற மாதிரி. கையோடு ஒரு கொடி, எந்த டிசைனாக இருந்தாலும் சரி, சிவப்போ எண்கோணமோ. அதை எப்போது ஏற்ற வேண்டும் என்று ஒரு பக்கத் தாள். ஏப்ரல் 5 கடல்சார் தினத்துக்கு மந்திரிமார் சட்டைப் பையில் குத்திக்கொள்ள ஒரு சின்னக் கொடி தயார் செய்கிறார்களே, அதே தினத்தில் கொளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் ராமேஸ்வரத்திலும் ஒரு முகாம் போட்டு இதைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அடுத்த பதிவில் மாலுமி ஏஜென்ட்கள் எப்படி ஏமாற்றுகிறார்கள், சேர்வதற்கு முன்னால் கப்பலின் கொடியையும் இன்ஷூரன்ஸையும் எப்படிப் பார்ப்பது என்று எழுதுகிறேன். அத்தை மகன் உதவுவதாகச் சொல்லியிருக்கிறான்.